எண்கள் இல்லாத ரஷ்யக் கடிகாரம்

என் மூத்த மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் நகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் மட்டும் போட்டால் போதும் என்றார்கள். அவர் மலாக்கா பஸ் நிலையத்தில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதி வைப்பது வேலை. நிலையத்துச் சுவர்க் கடிகாரம் மழைக்காலத்தில் ஒரு மணியும் வெயிற்காலத்தில் இன்னொரு மணியும் காட்டும் என்று அவரே சொல்லிச் சிரித்தார். கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சிகூட. உலகத்தில் எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த ஒரே பொருளை என்னிடம் கேட்டிருந்தார்கள்.

நான் அப்போது ஒரு ரப்பர் கிடங்கில் வேலை பார்த்தேன். ரப்பர் பாளங்களை அழுத்திக் கட்டிய பெரிய மூட்டைகளின் மேல், எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்று தகரத்தில் வெட்டிய எழுத்தை வைத்துக் கறுப்பு மை பூசுவேன். பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. அதனாலேயே எனக்குப் பிடித்திருந்தது. சுதந்திரத்துக்குப் பின்வந்த வருடங்களில் ரஷ்யாவுக்குப் போகும் மூட்டைகள் அதிகமாயின. மலாக்காக் கடலில் ஆழம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மூட்டைகளைத் தொங்கான் படகில் ஏற்றிக்கொண்டு போவோம். எண்ணிக்கை பார்க்க நானும் சில தடவை போயிருக்கிறேன்.

அப்படிப் போன ஒரு நாளில் ஒரு ரஷ்யக் கப்பல்காரர் என் தோளில் கிடந்த, மெழுகுச் சாயம் போட்ட பாத்தேக் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. வெட்கப்படுகிறவனுக்கு அதைவிட வசதியான வியாபாரம் எங்கே கிடைக்கும்? தலையை ஆட்டினேன். துணி அவருக்கு, கடிகாரம் எனக்கு. அதன்பின் ஏழெட்டு வருடத்தில் இன்னும் மூன்று கிடைத்தன. இரண்டு கப்பல்காரர்களிடமிருந்து, ஒன்று அடகுக்கடையில் மீட்கப்படாமல் கிடந்தது. நான்கையும் பிஸ்கட் டின்னில் பஞ்சு பரப்பி வைத்திருந்தேன். தினமும் காலையில் கோப்பி ஆறுவதற்குள் நான்குக்கும் சாவி கொடுத்துவிடுவேன்.

பழைய ரஷ்யக் கடிகாரம் பார்வைக்கு அழகு இல்லை. கண்ணாடி தடிப்பு, முதுகு மூடி அதைவிடத் தடிப்பு. பன்னிரண்டின் கீழே நமக்குப் புரியாத எழுத்து இருக்கும். ஆனால் உள்ளே திறந்து பார்த்தால் ஒவ்வொரு திருகும் பிடிமானமாக இருக்கும். விழுந்தாலும் பரவாயில்லை, வேலைக்குப் போகிற ஆளின் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தது போலத் தோன்றும். கிடங்கில் சுவிஸ் கடிகாரம் கட்டியிருந்த கங்காணி மூட்டை தூக்கும்போது அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். நான் டின்னிலிருந்து ஒன்றைக் கட்டிக்கொண்டு போவேன், வேலையில் கழற்றியதே இல்லை.

நம் நாடு ரஷ்யாவோடு உறவு வைத்துக்கொண்ட சமயம் புதிய ரஷ்யக் கடிகாரங்கள் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு கடைக்கு வந்தன. கடைக்காரர் எங்களுக்கெல்லாம் பாய். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தக் கடை இருக்கிறது. பாதிக் கடையில் துணி, பாதிக் கடையில் கடிகாரம். புதியவை மெல்லியவை, தங்க முலாம் பூசியவை, முகத்தில் ஆங்கில எழுத்து. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வேட்டி கட்டிய மனிதரைக் கோட்டு சூட்டில் பார்ப்பது மாதிரி.

"என்னண்ணே மூக்கைச் சுழிக்கிறீங்க?" என்றார் பாய். "உங்க டின்னுல இருக்கிற கிழவனுங்கதான் வேணுமா? தொறந்து காட்டவா?"

திறந்து காட்டினார். உள்ளே இருந்தது என் பழைய கடிகாரங்களின் அதே ஓட்டம். சக்கரங்களைத் தாங்கும் அதே பதினேழு கல், அதே பிடிமானம். சட்டைதான் வேறு.

"சுவிஸ்காரன் பேருக்கு விக்கிறான். ரஷ்யாக்காரன் உழைப்புக்கு விக்கிறான்" என்றார் பாய். "ஆனா பாருங்க, இந்த ஜப்பான்காரன் வர்றான். கையை ஆட்டுனாலே சாவி ஏறிக்குமாம். இன்னும் பத்து வருசத்துல ரெண்டு பேரையும் சாப்பிட்டுட்டு ஏப்பம் விடுவான். அதுக்கப்புறம் கடிகாரத்துக்குள்ள சக்கரமே இருக்காதுன்னு சிங்கப்பூர் ஏஜெண்டு சொல்றான். சக்கரம் இல்லாம எப்படிண்ணே ஓடும்? புளுகுறான்."

மாப்பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்பதில் எனக்கு இரண்டு மனம். டின்னில் இருந்ததில் நல்லதைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. என்னிடம் இருந்த சிறந்த பொருள் அதுதான். என் மனைவியிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள்.

"ஏங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? கல்யாண மாப்பிள்ளைக்குப் பழைய வாட்சா? எவன் கையில இருந்ததோ, அவன் உசுரோட இருக்கானோ இல்லையோ! புதுசா வாங்குங்க. ரஷ்யாவோ குஷ்யாவோ, புதுசா இருக்கணும்."

புதியதையே வாங்கினேன். தங்க நிறம், பாலாடை நிறத்தில் முகம், கறுப்பில் அச்சிட்ட எண்கள். ஆறின் கீழே மயிரிழை போல ஒரு சிறிய வரி, சோவியத் நாட்டில் செய்தது என்று ஆங்கிலத்தில். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பத்திரிகை வைக்கக் குருபோங் பக்கம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டில் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, பெரியப்பா. பெரியப்பா போலீசில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையின் அப்பா இறந்துவிட்டார் என்று தெரியும், எப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்பது என் பழக்கம் இல்லை. அன்று சுவரில் இருந்த படத்தை என் மனைவி பார்ப்பதைக் கவனித்த பெரியப்பாவே சொன்னார்.

"என் தம்பி. எஸ்டேட் லோரி ஓட்டுனான். டாருராட் சமயத்துல ரோட்டுல வச்சுச் சுட்டுட்டானுங்க கம்யூனிஸ்டுக்காரனுங்க. இவனுக்கு அப்ப எட்டு வயசு. நான் யூனிபார்மோட போய்த் தூக்கிட்டு வந்தேன்."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த தேநீரைக் குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கம்யூனிஸ்டுகளோடு காட்டில் சண்டை நடந்த அந்த அவசரநிலைக் காலத்தை நாங்கள் டாருராட் என்றுதான் சொல்வோம். அது முடிந்து எட்டு வருடம்கூட ஆகவில்லை. அந்த வருடங்களில் ரஷ்யா என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லவே எங்களுக்குப் பயம். அந்தப் பிள்ளையின் கையில் நான் கட்டப் போவது அந்த நாட்டுப் பெயர் எழுதிய கடிகாரம். அந்தப் பெயரைப் பார்த்தால் பெரியப்பா எழுந்து நின்று 'கல்யாணம் வேண்டாம்' என்று சொல்லிவிடுவார் என்று தோன்றியது. வீடு திரும்பும் வரை என் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது என் வழக்கம் என்பதால் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். அந்தச் சிறிய வரி மட்டும்தானே? கிடங்கில் மூட்டையில் தப்பான துறைமுகத்தின் பெயர் விழுந்துவிட்டால் டர்பெண்டைன் நனைத்த துணியால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான், போய்விடும். பதினைந்து வருடம் அதைத்தான் செய்திருக்கிறேன். மூட்டையில் செய்வதைக் கடிகாரத்தில் செய்ய முடியாதா என்று நினைத்தேன். வேறு தொழில்காரர் யாருக்கும் அந்த நினைப்பு வந்திருக்காது.

கத்தி முனையால் கண்ணாடியைக் கழற்றினேன். பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, டர்பெண்டைனில் தொட்டு, அந்த வரியின் மேல் வைத்தேன். வரி போனது. போகிற போக்கில் ஆறின் அடி வளையத்தையும் கூட்டிக்கொண்டு போனது. ஆறு இப்போது ஒரு கொக்கியாக நின்றது. அதைச் சரி செய்யலாம் என்று துடைத்தேன். ஐந்தும் ஏழும் கலங்கின. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாவிட்டால் அசிங்கமாக இருக்குமே என்று அவற்றையும் துடைத்தேன். மீசையைச் சமமாக்கப் போய் முழுவதும் மழித்துக்கொண்டவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பன்னிரண்டு எண்களும் போன பிறகுதான் என் கை நின்றது. பாலாடை நிறத்தில் வெறும் வட்டம். நடுவில் முட்கள் மட்டும் எதுவும் நடக்காதது போல் ஓடிக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை வேலை முடிந்து பாய் கடைப் பக்கம் போனேன். மூன்று முறை கடையைத் தாண்டிப் போனேன். நான்காவது முறை பாயே கூப்பிட்டார்.

"உள்ள வாங்கண்ணே. கடைக்கு முன்னால இப்படி நடந்தா போலீசு வந்து என்னைக் கேக்கும்."

காட்டினேன். அவர் கண்ணில் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தார். திரும்ப வைத்துக்கொண்டு பார்த்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"எதுலண்ணே தொடச்சீங்க?"

"டர்பெண்டைன்."

"நல்லவேளை, மண்வெட்டி எடுக்கல." சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. முகத்தகடு சிங்கப்பூரிலிருந்துதான் வர வேண்டும், இரண்டு மாதம் ஆகும் என்றார். பெட்டியிலிருந்து அதே மாதிரி இன்னொரு கடிகாரத்தை எடுத்து என் முன் வைத்தார். "இதை எடுத்துட்டுப் போங்க. மத்ததைப் பிறகு பாத்துக்கலாம்."

அந்த உதவியை நான் மறக்கவில்லை. ஆனால் அதன் ஆறின் கீழேயும் அதே வரி இருந்தது. நான் அதைத் தொடாமல் இருப்பதைப் பார்த்து அவர் பெட்டியை மூடினார்.

"அப்ப ஒண்ணுதான் வழி. போய்ச் சொல்லிடுங்க. நீங்க சொல்றதுக்கு முன்னால வேற எவனாவது சொன்னா அப்புறம் அது வேற கதையாயிடும்."

அந்த வாரம் முழுவதும் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் அடுக்கிப் பார்த்தேன். மூட்டைகளுக்கு மை பூசிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, சைக்கிளில் குருபோங் போனேன். பெரியப்பா வீட்டின் பின்னால் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அடுக்கி வைத்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. கடிகாரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றேன்.

"என்ன சம்பந்தி இது? நம்பரைக் காணோம்?"

"நான் அழிச்சுட்டேன்."

"நம்பரையா? ஏன்?"

"கீழ ரஷ்யான்னு எழுதியிருந்துச்சு. அதை அழிக்கப் போய்..."

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். கோழிகள் அதற்குள் ஏறிக்கொண்டன.

"ரஷ்யாக்காரன் கடிகாரத்தை என் தம்பி மவனுக்கு வாங்கியிருக்கீங்க."

"வாங்கும்போது எனக்குத் தெரியாது. அன்னிக்கு நீங்க சொன்ன பிறகுதான்..."

"தெரிஞ்ச பிறகு என்கிட்ட வந்து சொல்லலாம்ல? அதை விட்டுட்டு மறைச்சிருக்கீங்க. முப்பது வருசம் போலீசுல இருந்தவன்கிட்ட!"

பேச்சுச் சத்தம் கேட்டு மாப்பிள்ளையின் அம்மா வந்தார். நடந்ததைப் பெரியப்பாவே சொன்னார், கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை வாங்கினார். காதில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டது போல் எனக்குத் தோன்றியது. அவர் சொல்லப்போவதில் என் மகளின் வாழ்க்கை இருந்தது.

"நல்லா ஓடுதேண்ணே" என்றார்.

"ஓடும்மா. நல்ல கடிகாரம்." அந்த அம்மா பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

"ஏன் மச்சான், இதைச் செஞ்சவன் எவனோ பட்டறையில உக்காந்து செஞ்சிருப்பான். அவனா வந்து ரோட்டுல நின்னான்?" பெரியப்பா கிண்ணத்திலிருந்து கோழிகளை விரட்டினார். அந்த அம்மா தொடர்ந்து பேசினார். "எங்க வீட்டுக்காரரு ஓட்டுன லோரியில போன ரப்பரு எந்தெந்த ஊருக்குப் போச்சோ. அந்த ஊர்க்காரனுக்கும் போயிருக்கும். நாமளும் குடுத்தோம், அவனும் குடுக்கிறான். எம்மவனுக்கு மணி பாக்க ஒரு வாட்சு வேணும். அவ்வளவுதான்."

நன்றி என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. இன்றுவரை நேராகச் சொன்னதில்லை. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பெரியப்பா விடவில்லை. "சரி. அவ சொன்ன பிறகு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு. நாளைக்கு இவன் கையைப் பாத்து, எழுத்தைச் சுரண்டுன கள்ளக் கடிகாரம்னு நாலு பேரு பேசுவான். போலீஸ்காரன் வீட்டுல திருட்டு வாட்சுன்னுவான். அதனால மண்டபத்துல சீரு சொல்லும்போது நீங்களே எந்திரிச்சுச் சொல்லணும். இது ரஷ்யாக்காரன் கடிகாரம், எழுத்தை அழிச்சது நான்தான்னு. மைக்குல."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இரு வீட்டுச் சீரையும் சபையில் ஒருவர் உரக்கச் சொல்வார். பெண்ணின் அப்பா உட்கார்ந்து தலையை ஆட்டினால் போதும். நான் அந்த வசதியை நம்பியிருந்தேன். சம்மதம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். பாதி வழியில்தான் எதற்குச் சம்மதித்தோம் என்பது உறைத்தது. கல்யாணம் நடக்கும், ஆனால் நான் பேச வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னபோது அழுத பையன் நான்.

கல்யாணம் காஜா பெராங்கில் கோயில் மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து சீர் சொல்லும் நேரம் வந்தது. மைக்கை வாங்கினேன். ஒலிபெருக்கியின் பக்கம் நீட்டிவிட்டதில் அது முதலில் ஒரு ஊளை போட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளைக்கு... ஒரு கைக்கடிகாரம்" என்றேன்.

"கேக்கல சம்பந்தி, சத்தமா!" முன்வரிசையிலிருந்து பெரியப்பாவின் குரல்.

"மாப்பிள்ளைக்கு ஒரு கைக்கடிகாரம். ரஷ்யாவுல செஞ்சது. அதுல எழுத்து இருந்துச்சு, எண்ணும் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். பயத்துல அழிச்சேன். கடிகாரத்து மேல ஒரு குத்தமும் இல்ல."

யாரும் எழுந்து போகவில்லை. எங்கள் அடுத்த வீட்டுச் செட்டி அம்மா, பல தலைமுறையாக வீட்டில் மலாயே பேசும் மலாக்காச் செட்டிகளில் ஒருவர், தமிழ் அதிகம் தெரியாதவர், பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் கேட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. "ஆப்பா டியா சாக்காப்?" என்ன சொல்கிறார் என்று கேட்கிறார். பக்கத்தில் இருந்தவர் விளக்க, அந்த அம்மா, "ஐயோ, ஜாம் தாக் அடா நோம்போர்!" என்று கையைத் தட்டிச் சிரித்தார். எண் இல்லாத கடிகாரம் என்ற செய்தி இரண்டு மொழியிலும் கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. சிரிப்பு எழுந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் எனக்கு வலிக்கவில்லை.

மாப்பிள்ளை கையை நீட்டினார். நான் கட்டப் போனேன். தோல்வாரின் துளையில் கொக்கி போகவே மாட்டேன் என்றது. அவர் மற்றக் கையால் வாரைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா மாமா. பஸ் ஒண்ணும் கிளம்பிடல" என்றார். கட்டியதும் மணிக்கட்டைத் தன் பெரியப்பாவின் பக்கம் திருப்பிக் காட்டி, "பத்து மணி இருபத்தஞ்சு நிமிசம் பெரியப்பா. சரியா?" என்றார். பெரியப்பா தன் கடிகாரத்தைப் பார்த்தார். சுவிஸ் கடிகாரம். "உன்னுது ரெண்டு நிமிசம் பிந்துது" என்றார். "இல்ல, உங்களுது முந்துது" என்றார் மாப்பிள்ளை. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து புதிய முகத்தகடு வந்தது. மாற்றித் தருகிறேன் என்று பாய் ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார். கண்டக்டர்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் பற்றிச் சண்டை போட முடியவில்லையாம், அவருக்கு மட்டும்தான் அதைப் படிக்கத் தெரியுமாம். அது வேலைக்கு வசதி என்றார்.

இப்போது பாய் கடைக் கண்ணாடிக்குள் பாதிக்கு மேல் ஜப்பான் கடிகாரம். பொத்தானை அழுத்தினால் சிவப்பு எண் எரிகிற ஒன்றையும் போன மாதம் காட்டினார். உள்ளே உண்மையாகவே சக்கரம் இல்லை. சிங்கப்பூர் ஏஜெண்டு புளுகவில்லை என்று ஒப்புக்கொண்டார். ரஷ்யக் கடிகாரம் இனி எத்தனை வருடம் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. வரும்வரை வருடத்துக்கு ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். பழையது, புதியது என்ற பேதம் இப்போது என்னிடம் இல்லை. புதியது எவ்வளவு வேகமாகப் பழையதாகும் என்று பார்த்துவிட்டேன்.

கல்யாணத்தன்று பந்தி முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது என் மகள் காரில் ஏறப் போனவள் திரும்பி வந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடினேன்.

"அப்பா, இருபது வருசத்துல நீங்க இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கைக்குட்டை எனக்குத்தான் தேவைப்பட்டது.